தானாகப் பூட்டிக்கொண்ட கதவு: காரின் சென்ட்ரல் லாக் வந்த வழி



கடந்த மே மாதம், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விசிட்டர் பார்க்கிங் பக்கம் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டிருப்பீர்கள். உடைந்தது என் கார் கண்ணாடி. உடைக்கச் சொன்னதும் நான்தான். 'சி' பிளாக் தூணில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றியது யார் என்று கமிட்டி சுற்றறிக்கையில் கேட்டிருந்தது. அதற்கும் இதுவே பதில். லிஃப்டில் பார்த்த பலர் "என்ன சார் ஆச்சு?" என்று விசாரித்தீர்கள். நான்காவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. ஆகவே எழுதியே கொடுத்துவிட்டேன்.

மூன்று வயதுப் பேத்தியைப் பின் சீட்டில் குழந்தை இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் மாட்டினேன். சாவிக்கொத்தை டிரைவர் சீட்டில் போட்டுவிட்டு, லிஃப்ட் வாசலில் விட்ட பையை எடுப்பதற்காகக் கதவைச் சாத்தினேன். நாலு எட்டு வைத்திருப்பேன். முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். நான்கு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. யாரும் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை. சாவி உள்ளே, ரிமோட் உள்ளே, குழந்தையும் உள்ளே. எஞ்சின் ஓடவில்லை, ஏசி இல்லை, கண்ணாடிகள் முழுக்க ஏற்றியிருந்தன.

என் மனைவி மேலே ஓடிப் பீரோவிலிருந்து மாற்றுச் சாவியைக் கொண்டுவந்தாள். அது ரிமோட் இல்லாத வெறும் சாவி. துளைக்குள் போனது, ஆனால் திரும்பவில்லை. பத்து வருஷமாக ரிமோட்டிலேயே திறந்து மூடிய கார். அந்தத் துளையில் கடைசியாகச் சாவி நுழைந்தது எப்போது என்று எனக்கே ஞாபகமில்லை. டிக்கியைத் திறக்கும் லீவர் டிரைவர் சீட்டுக்குக் கீழே, அதாவது அதுவும் உள்ளே. 'ஏ' பிளாக் நண்பர் ஒருவர் ஸ்டீல் ஸ்கேல் எடுத்துவர ஓடினார். முதலில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "தாத்தா, கதவத் தொற" என்று அழ ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் ஸ்கேலுக்காகக் காத்திருக்க முடியவில்லை. செக்யூரிட்டி தம்பியிடம் சொன்னேன். அவர் தீயணைப்பு சிலிண்டரின் அடிப்பாகத்தால், குழந்தைக்கு எட்டத்தில் இருந்த முன் இடது கண்ணாடியின் மூலையில் ஓங்கி இடித்தார். மொத்தம் பதினொரு நிமிஷம். பேத்தி தண்ணீர் குடித்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்டாள். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து டிரைவர் கதவைத் திறந்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் மடிந்து நீளும் கறுப்பு ரப்பர் குழாயை உருவினார். உள்ளே ஒரு ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. "ஒரு மாசமா தானாவே டக் டக்குனு அடிச்சிருக்குமே சார், கவனிக்கலையா?" என்றார். அடித்தது. நம் கேட்டுக்கு வெளியே இருக்கும் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் அடித்தது. கார் பழசாகிவிட்டது, நமக்கும் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன்.

நான் படித்தது பி.காம். இயற்பியல் எனக்குப் பள்ளியோடு சரி. இருந்தாலும், ஒரு உரிந்த ஒயர் எப்படி நான்கு கதவைப் பூட்டும் என்ற கேள்வி தூங்கவிடவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? இந்தப் பூட்டு எங்கே பிறந்து எப்படி நம் காருக்கு வந்தது என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் பூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். ஸ்ட்ராங் ரூம் கதவு இரண்டு பேரிடம் இருக்கும் இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, அந்தத் தடித்த சுவரில் இருக்கும் சின்னக் காற்றுத்துளை. தவறிப்போய் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் மூச்சு விடவும், வெளியே இருப்பவருக்குக் குரல் கொடுக்கவும் அது வேண்டும். வெளியே இருப்பவன் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவன் சாகக்கூடாது. நல்ல பூட்டுக்கு இந்த இரண்டு பக்கமும் டேலி ஆகவேண்டும். காரின் பூட்டு வரலாற்றில் முதல் பக்கத்தை மட்டும் அழகாக எழுதிக்கொண்டே போனார்கள். இரண்டாம் பக்கம் வெகுநாள் காலியாகவே கிடந்தது.

ஆரம்பகாலக் கார்களில் பூட்டு என்ற பேச்சே இல்லை. மேலே துணிக்கூரை, பக்கவாட்டில் திறப்பு. எதைப் பூட்டுவது? அமெரிக்காவில் 1919இல் விற்ற கார்களில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் நான்கு பக்கமும் அடைத்த கார்கள். 1927இல் அது 85 சதவீதம் ஆனது. கூரையும் கண்ணாடியும் வந்த பிறகுதான் கதவுப் பூட்டுக்கு அர்த்தம் வந்தது.

ஆனால் மின்சாரம் அதற்கும் முன்பே கதவுக்குள் நுழைந்துவிட்டது என்பது எனக்கு ஆச்சரியம். டெட்ராய்ட் நகரில் ஜேம்ஸ் ஸ்கிரிப்ஸ் பூத் என்பவர் ஓவியர், பொறியாளர் இரண்டுமாக இருந்தார். தன் பெயரிலேயே 'ஸ்கிரிப்ஸ்-பூத்' என்ற சொகுசுக் காரைக் கொண்டுவந்தார். 1914இலேயே அதில் மின்சாரத்தால் இயங்கும் கதவுப் பூட்டு. பேட்டரியால் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதே காடிலாக்கில் 1912இல்தான் வந்தது. இரண்டே வருஷத்தில் கதவுக்கு மின்சாரம் என்றால் பாருங்கள். கம்பெனி நெடுநாள் நிலைக்கவில்லை, பூட்டும் அதோடு மறக்கப்பட்டது.

அடுத்த நாற்பது வருஷம் இந்த விஷயத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை. 1956இல் பேக்கார்டு கம்பெனி மின்சாரக் கதவுப் பூட்டை மறுபடி கொண்டுவந்தது. அதே வருஷத்தோடு டெட்ராய்ட்டில் பேக்கார்டு கார் தயாரிப்பு நின்றுபோனது. பூட்டைக் கண்டுபிடித்தவர்கள் கடையை மூட வேண்டியிருந்தது, பார்த்து நின்ற மற்றக் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. வங்கியில் இதுபோல எத்தனை தொழில் கடன்களைப் பார்த்திருக்கிறேன்!

ஜெர்மானியர்கள் வேறு வழியில் போனார்கள். 1976 முதல் சுமார் பத்து வருஷம் ஓடிய மெர்சிடிஸ் டபிள்யூ 123 என்ற காரில், கூடுதல் பணம் கொடுத்தால் கிடைத்த சென்ட்ரல் லாக் மின்சாரத்தால் இயங்கவில்லை, காற்றை உறிஞ்சி இயங்கியது. எஞ்சின் ஓடும்போது உண்டாகும் வேக்குவத்தை ஒரு டப்பாவில் சேமித்து வைப்பார்கள். டிரைவர் கதவில் சாவியைத் திருப்பினால், மெல்லிய குழாய்கள் வழியே அந்த உறிஞ்சும் விசை மற்றக் கதவுகளுக்கும் டிக்கிக்கும் பெட்ரோல் மூடிக்கும் போகும். ஒவ்வொன்றிலும் இருக்கும் ரப்பர் சவ்வு இழுபட்டுப் பூட்டு விழும். சேமிப்பு இருப்பதால் எஞ்சினை அணைத்த பிறகும் சில முறை பூட்டித் திறக்கலாம். மோட்டாரும் இல்லை, ஒயரும் இல்லை. பூனை நடப்பதுபோல ஓசையில்லாமல் பூட்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு வருகிறது. அந்தக் காரின் டீசல் மாடலில், எஞ்சினை அணைக்கவும் அதே வேக்குவம்தான். சாவியைத் திருப்பினால் டீசல் பம்பை உறிஞ்சும் விசை நிறுத்தும். எங்கோ பின் கதவில் ஒரு ரப்பர் சவ்வு கிழிந்து காற்று கசிந்தால் என்ன ஆகும்? சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்ட பிறகும் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். விவரம் தெரியாதவர் எஞ்சினைப் பிரித்துப் போடுவார். தெரிந்தவர் பின் கதவைத் திறந்து, குழாயைக் கழற்றி, கையால் இழுக்கும் வேக்குவம் பம்பை மாட்டிக் கசிவு எங்கே என்று பார்ப்பார். நோய் ஒரு இடம், வலி ஒரு இடம். பூனாவில் 1995இல் தயாராகத் தொடங்கிய மெர்சிடிஸில் எஞ்சின் வேக்குவத்தை விட்டுவிட்டு, தனியாக ஒரு மின்சாரக் காற்று பம்ப் வைத்திருந்தார்கள். கசிவு இருந்தால் அந்த பம்ப் பூட்டிய பிறகும் ரீங்காரம் இட்டுக்கொண்டே இருக்கும். கோளாறு தானே வாய் திறந்து சொல்லிவிடுகிறது.

நம்மில் அறுபது தாண்டியவர்களுக்கு இதெல்லாம் கேள்விப்பட்டதுதான். நாம் பார்த்தது அம்பாசிடர், ஃபியட், அப்புறம் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. ஜன்னல் ஓரத்தில் காளான்போல நிற்கும் குமிழை அமுக்கி, வெளிக் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி கதவைச் சாத்தினால் மாருதியில் பூட்டு விழும். கல்யாண வீட்டுக்குப் போய் இறங்கினால் அப்பா காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்ப்பார். சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் கண்ணாடிக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேலை நுழைத்து உள்ளே இருக்கும் கம்பியைத் தூக்கிவிடுவார்கள். 'ஏ' பிளாக் நண்பர் ஓடியது அந்த நினைப்பில்தான். இன்றைய பல கார்களில் அந்தக் கம்பி தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும், அல்லது கம்பியே இல்லாமல் கேபிள் இருக்கும். ஸ்கேல் கிடைத்திருந்தாலும் பலித்திருக்குமா என்பது சந்தேகம்.

1990களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தபோது சென்ட்ரல் லாக்கும் வந்தது. விலை குறைந்த மாடல்களில் அது இருக்காது. நம் ஆட்கள் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு போன்ற இடங்களில் நாலு மோட்டாரும் ஒரு கறுப்புப் பெட்டியும் அடங்கிய செட்டை வாங்கி, காத்திருந்து மாட்டிக்கொண்டு வரலாம். 2014இல் நான் கார் வாங்கியபோது அப்படித்தான் ஒரு கடையில் போட்டேன். பத்து வருஷத்துக்கும் மேல் ஒழுங்காக உழைத்தது என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த மோட்டார் வேலை செய்யும் விதம் எளிமையானது. கதவுக்குள் ஒரு சின்ன டி.சி. மோட்டார், சில பிளாஸ்டிக் பற்சக்கரங்கள், முன்னும் பின்னும் நகரும் ஒரு தண்டு. அந்தத் தண்டு பூட்டின் கம்பியைத் தள்ளும் அல்லது இழுக்கும். மின்சாரத்தை ஒரு திசையில் கொடுத்தால் பூட்டு, பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் திறப்பு. அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும். மற்ற மூன்று கதவுகளுக்கும் இரண்டு ஒயர் போதும், அவை சொன்னதைச் செய்யும். டிரைவர் கதவுக்கு மட்டும் ஐந்து ஒயர். இரண்டு மோட்டாருக்கு. மீதி மூன்றும் அங்கே இருக்கும் ஒரு சுவிட்சுக்கு. டிரைவர் பூட்டினாரா திறந்தாரா என்று கறுப்புப் பெட்டிக்குச் சொல்வது அந்த மூன்று ஒயர்களின் வேலை. அதில் 'பூட்டு' ஒயர், 'எர்த்' ஒயரைத் தொட்டால் பூட்டச் சொன்னதாகப் பெட்டி புரிந்துகொண்டு எல்லாக் கதவையும் பூட்டும்.

இப்போது புரிகிறதா? ஆயிரக்கணக்கான முறை கதவைத் திறந்து மூடியதில், ரப்பர் குழாய்க்குள் அந்த ஒயர் மடிந்து மடிந்து தோல் உரிந்தது. அன்றைக்கு நான் கதவைச் சாத்திய வேகத்தில் செம்பும் செம்பும் உரசின. டிரைவர் பூட்டிவிட்டார் என்று பெட்டி நம்பியது. கள்ளக் கையெழுத்து, ஆனால் ஸ்பெசிமனோடு ஒத்துப்போகிறது. பெட்டி மேல் குற்றம் சொல்ல முடியாது.

ரிமோட்டின் கதை தனி. 1980இல் அமெரிக்க ஃபோர்டு கம்பெனி சில மாடல்களின் டிரைவர் கதவில் ஐந்து பட்டன் வைத்தது. ரகசிய எண்ணை அழுத்தினால் சாவியில்லாமல் திறக்கும். 1982இல் பிரான்ஸின் ரெனோ ஃபூவேகோ காரில் தூரத்திலிருந்து திறக்கும் ரிமோட் வந்தது. அதை உருவாக்கியவர் பால் லிப்ஷுட்ஸ். அவர் பெயரை ஒட்டியே பிரெஞ்சுக்காரர்கள் கார் ரிமோட்டை இன்றும் 'பிலிப்' என்கிறார்கள். நம் டிவி ரிமோட் மாதிரி அது அகச்சிவப்பு ஒளியில் இயங்கியதால் நேராகக் காட்டினால்தான் வேலை செய்யும். பிறகு ரேடியோ அலைக்கு மாறினார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் இங்கேயும் பெரும்பாலும் 433.92.

ரேடியோ சுவரைத் தாண்டும், திருடன் காதுக்கும் போகும். முதலில் வந்த ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பின. பக்கத்தில் ஒருவன் அதைப் பதிவு செய்து திரும்பப் போட்டால் கார் திறந்துவிடும். இதற்கு மாற்று, செக் லீஃப் மாதிரி ஒவ்வொரு முறையும் புது எண். ஒரு முறை பாஸான செக்கை மறுபடி கொண்டுவந்தால் கவுன்டரில் வாங்குவோமா? தென் ஆப்பிரிக்காவின் நானோடெக் என்ற கம்பெனி 1980களின் நடுவில் உருவாக்கிய 'கீலாக்' முறை இந்த வகையில் புகழ்பெற்றது. 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் கம்பெனி அதை 1 கோடி டாலருக்கு வாங்கியது. 2007, 2008இல் பெல்ஜியம், இஸ்ரேல், ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் அதையும் உடைத்துக் காட்டினார்கள். 2011இல் சூரிச் ஆராய்ச்சியாளர்கள், பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே திறக்கும் ஸ்மார்ட் சாவியின் சிக்னலை இரண்டு ஆன்டெனாவால் நீட்டித்துக் காரை ஏமாற்ற முடியும் என்று 10 மாடல்களில் நிரூபித்தார்கள். ஆக, பூட்டுகிறவனும் திறக்கிறவனும் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதில் நமக்கு உபயோகமான ஒன்று உண்டு. ரிமோட் கொடுத்த எண்ணும் கார் எதிர்பார்க்கும் எண்ணும் கொஞ்சம் முன்பின் ஆகலாம். கீலாக் வகைச் சிப்புகளில் அடுத்த 16 எண்கள் வரை பொறுத்துக்கொள்ளும். காரிலிருந்து தூரத்தில் குழந்தைகள் ரிமோட்டை வைத்து விளையாடி அதைத் தாண்டிப்போனால் கார் காதில் வாங்காது. பதற்றப்படாமல் காருக்குப் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும். கடைக்காரரிடம் போய்ப் புது ரிமோட்டுக்குப் பணம் கட்டுமுன் இதையும், பொத்தான் பேட்டரியையும் பாருங்கள்.

இனி அந்தக் காலியாகக் கிடந்த பக்கத்துக்கு வருகிறேன்.

1998 கோடையில் அமெரிக்காவில் மூன்றே வாரத்தில் 11 குழந்தைகள் கார் டிக்கிக்குள் மாட்டி இறந்தார்கள். விளையாடப் போய் ஒளிந்துகொண்டவர்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1995இல், சான் ஃபிரான்சிஸ்கோவில் கொள்ளையர்களால் கணவரோடு டிக்கியில் அடைக்கப்பட்டுத் தப்பிய ஜேனட் ஃபென்னல் என்ற பெண்மணி, டிக்கியை உள்ளிருந்து திறக்க வழி வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தார். 2001 செப்டம்பருக்குப் பிறகு தயாரான கார்களில் அது சட்டமானது. டிக்கிக்குள் இருட்டில் ஒளிரும் அந்தச் சின்னக் கைப்பிடியை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் காரில் நீங்களும் பார்த்திருக்கலாம். டிக்கியோடு கார்கள் ஓடத் தொடங்கி எத்தனை காலத்துக்குப் பிறகு!

நம் நாட்டில் 2005 ஜூலை 26ஆம் தேதி மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. வெள்ளத்தில் நின்ற கார்களுக்குள்ளேயே மாட்டி மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு. அதன் பிறகுதான் காரில் ஒரு சுத்தியல் வைத்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சு பரவியது. மின்சாரம் செத்தாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் விடுவிக்கும் வசதி வேண்டும் என்ற விதி 2019 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டாக்சிகளின் பின் கதவில் சைல்டு லாக் இருக்கக்கூடாது என்பதும் அதே தேதி முதல்தான். சைல்டு லாக் குழந்தையைக் காக்க வந்தது. டாக்சியில் பயணியை இறங்கவிடாமல் அடைத்துவைக்கவும் அது உதவும் என்பதால் அங்கே எடுத்துவிட்டார்கள்.

முடிந்தது என்று பார்த்தால், கதவுக் கைப்பிடியே மின்சாரம் ஆகிவிட்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 2021 மாடல் டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 பற்றி விசாரணை தொடங்கியது. வெளிக் கைப்பிடி இயங்காமல், உள்ளே மாட்டிய குழந்தையை எடுக்கப் பெற்றோர் கண்ணாடியை உடைத்ததாகப் புகார். படித்தபோது என் கையில் அந்தத் தீயணைப்பு சிலிண்டரின் கனம் திரும்ப வந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். மேலே சொன்ன எந்த விதியும் என் பேத்திக்கு உதவியிருக்காது. பெல்ட் மாட்டிய மூன்று வயதுக் குழந்தைக்கு உள் கைப்பிடி எட்டாது. 2005இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வின்படி, வெயிலில் நிற்கும் மூடிய காரில் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணியிலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. அன்றைக்கு நம் வளாகத்தில் வெளியிலேயே எத்தனை டிகிரி என்று உங்களுக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒரு மாசமாகக் கேட்ட அந்த 'டக்' சத்தம் மட்டும்தான்.

அதனால் கோளாறைப் படிக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் சாயங்காலம் கணக்கு டேலி ஆகாவிட்டால் எல்லா வவுச்சரையும் புரட்டமாட்டோம். முதலில் வித்தியாசத்தைப் பார்ப்போம். அது 9ஆல் வகுபட்டால் ஏதோ ஒரு தொகையில் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 72ஐ 27 என்று எழுதியிருப்பார்கள். தொகையே எங்கே தேடவேண்டும் என்று சொல்லிவிடும். கதவும் அப்படித்தான்.

நான்கு கதவும் எதற்கும் அசையவில்லை என்றால் நான்குக்கும் பொதுவானதைப் பாருங்கள்: ஃபியூஸ், பேட்டரி, கறுப்புப் பெட்டி. ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்றவேண்டும், சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் வேண்டாம். உள் சுவிட்சில் வேலை செய்து ரிமோட்டில் செய்யவில்லை என்றால் குறை ரிமோட்டில், பெரும்பாலும் பேட்டரியில். ஒரு கதவு மட்டும் அடம்பிடித்தால் அந்தக் கதவில் காதை வைத்துக் கேளுங்கள். மோட்டார் சத்தம் வந்தும் பூட்டு அசையாவிட்டால் கம்பி கழன்றிருக்கும், அல்லது பிளாஸ்டிக் கிளிப்போ பல்லோ உடைந்திருக்கும். சத்தமே இல்லையென்றால் மோட்டார் அல்லது ஒயர். அப்போது கதவை அரைவாசி, முக்கால்வாசி என்று திறந்து வைத்துப் பட்டனை அழுத்துங்கள். ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் வேலை செய்தால் ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கிறது. பூட்டியவுடனே திறந்துகொண்டால் ஏதாவது ஒரு கதவோ டிக்கியோ சரியாகச் சாத்தவில்லை, அல்லது அதன் சுவிட்ச் பொய் சொல்கிறது. மழைக்காலத்தில் மட்டும் தகராறு என்றால் கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளில் மண் அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கலாம், ஒரு குச்சியால் குத்திவிடலாம்.

இவையெல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு மட்டும் அப்படியில்லை. அன்றைக்கே அந்த ஃபியூஸை உருவிவிட்டு, சாவியால் பூட்டித் திறந்துகொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். உருவும் ஃபியூஸ் கதவுப் பூட்டுக்கானதுதானா என்று காரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும், சீட்டில் வேண்டாம்.

சாவியால் என்றதும் பழைய சிக்கல் வருகிறது, உங்கள் சாவித் துளை திரும்புமா? என் காரில் மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றிக் கழுவி, கிராஃபைட் பவுடர் போட்டு ஓட்டவிட்டார். எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து மறுபடி இறுகும் என்றார். ஒயர் வேலைக்கு 600 ரூபாய், கண்ணாடிக்கு 2,800. இப்போது மாதம் ஒரு முறை சாவியால் திறந்து மூடுகிறேன். செக்யூரிட்டி அறையில் ஒரு கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வாங்கி வைத்திருக்கிறேன், சிவப்புக் கைப்பிடி, ரெஜிஸ்டர் வைக்கும் மேஜையின் மேல் டிராயரில் இருக்கிறது. உடைக்கவேண்டி வந்தால் குழந்தைக்கு எட்டத்தில் இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடி, அதன் மூலை. நடுவில் அடித்தால் எளிதில் உடையாது. முன் கண்ணாடியைத் தொடவேண்டாம், இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் இருப்பதால் விரிசல் விடுமே தவிர வழி விடாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், கிராஃபைட் டப்பாவோடு விசிட்டர் பார்க்கிங்கில் இருப்பேன். மெக்கானிக்கும் ஒரு மணி நேரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ரிமோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறும் சாவியோடு வாருங்கள்.